நாற்பத்தேழாம் வரிசை

அச்சகத்தில் அவளுக்குப் பெயர் புரூஃப் அக்கா. பேப்பர் கட்டு இறக்குகிறவர் முதல் முதலாளி வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தான் அவளைவிடப் பத்து வயது மூத்தவர் என்பது முதலாளிக்கே மறந்துபோயிருந்தது. இருபத்தாறு வருஷமாக, மிஷின் சத்தம் பாதியாகக் கேட்கும் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பஸ் கால அட்டவணை, பாடநூல், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுக் காகிதம் என்று வந்ததிலெல்லாம் சிவப்புப் பேனாவால் பிழை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஓட்டலுக்குப் போனால் மெனு கார்டைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் சாப்பாடு சொல்லுவாள் என்று அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள் மறுத்ததில்லை. உண்மையாகவே இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது.

கொக்கி ஊசி அவள் கைக்கு வந்ததும் இந்த வேலையால்தான். ஒரு கம்பளிநூல் கடைக்காரர், குழந்தைத் தொப்பி பின்னும் முறையை நாலு பக்கத் துண்டுப் பிரசுரமாக அச்சடிக்கக் கொடுத்தார். எழுத்துப் பிழை பார்த்தாகிவிட்டது. ஆனால் 'மூன்று கண்ணி விட்டு நான்காவதில் குத்தவும்' என்று இருக்கிறதே, அது மூன்றுதானா, இரண்டா என்று யாரைக் கேட்பது? கடைக்காரருக்கே தெரியவில்லை. ஒரு ஊசியும் ஒரு உருண்டை நூலும் வாங்கிவந்து சாப்பாட்டு இடைவேளையில் பின்னிப் பார்த்தாள். நாலு பக்கத்தில் மூன்று தப்பு. கடைக்காரர் வாயைப் பிளந்தார். அவள் அதற்கப்புறம் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

அவள் கணவர் டவுன் பஸ் ஓட்டியவர். வாயாடி மனுஷர். ஐம்பத்து மூன்றாவது வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினோடு அவரை இணைத்து வைத்தார்கள். இடது கையில் இரண்டு ஊசி. ரத்தம் வெளியே போய்த் திரும்பி வருவதற்குள் உடம்பு ஜில்லிட்டுவிடும். போர்த்திக்கொள்ளலாம் என்றால், ஊசி குத்திய கையை மட்டும் மூடக் கூடாது. ஊசி நழுவினால் கண்ணில் பட வேண்டும் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனுஷர் ஒரு கையை வெளியே நீட்டிக்கொண்டு, பல் கிட்டிக்கப் படுத்திருப்பார்.

"இன்ஜின் ஓடுது, ஆனா சூடே ஏறலை," என்பார்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை கையை முழுக்க மூடுகிற மாதிரி ஒரு சால்வை. இடது கையின் உள்பக்கத்தில், ஊசி இருக்கும் இடத்தில் மட்டும், பொத்தான் போட்டுத் திறக்கிற ஒரு வாசல். மேல்கையும் முன்கையும் கதகதப்பாக இருக்கும், ஊசி சிஸ்டர் கண்ணுக்குத் தெரியும். இறுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, குழாயில் சிக்கக் கூடாது. முதல் தடவை பின்னியது தொளதொளவென்று தொங்கியது. இரண்டாவதில் வாசல் முழங்கைக்கு ஏறிக்கொண்டது. மூன்றாவது, நூற்றுப் பன்னிரண்டு வரிசை பின்னி முடித்தபோது, அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது.

"கைக்கு ஜன்னல் வெச்சுட்டியே! பஸ்ல கூட எனக்கு இப்படி ஒரு சீட் கிடைச்சதில்லை," என்றார் கணவர். அன்றைக்கு நாலு மணி நேரமும் அவர் பல் கிட்டிக்கவில்லை. சிஸ்டர் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினார். அதற்கு ஜன்னல் சால்வை என்று பெயர் வந்தது இப்படித்தான்.

பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு மூன்று பின்னிக் கொடுத்தாள். நாலாவது ஆள் கேட்டபோது, ஒருத்தி கை எத்தனைக்குத்தான் ஓடும், எழுதி வைத்தால் அவரவர் வீட்டில் பின்னிக்கொள்ளலாமே என்று தோன்றியது. ஏற்கனவே பதினோரு மாதிரிகளை எழுதி, பின்னல் மாதிரிகள் விற்கிற ஓர் இணையதளத்தில் போட்டிருந்தாள். இது பன்னிரண்டாவது. ஆறு பக்கம். கண்ணிக் கணக்கைக் கட்டம் போட்ட தாளில் கையாலேயே வரைந்தாள். கடைசிப் பக்கத்தில் கணவரின் கையைப் படம் எடுத்துப் போட்டாள். முழங்கைக்குக் கீழே இருக்கும் பெரிய மச்சம்கூடத் தெரிந்தது. "கையாவது புகழ் பெறட்டும்," என்றார் அவர்.

எழுதிக்கொண்டிருந்த நாளில் ஒன்று நடந்தது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவளை சிஸ்டர் உள்ளே கூப்பிட்டார். கணவருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிட்டது. காலைத் தூக்கி வைத்து, மருந்து ஏற்றி, அவர் கண்ணைத் திறப்பதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து எழுதினாள். நாற்பத்தேழாம் வரிசை. மூன்று கண்ணி விட வேண்டிய இடத்தில் இரண்டு என்று எழுதிவிட்டாள். ஊரார் பிழையையெல்லாம் திருத்துகிறவள், தன்னுடையதை நாலு தடவை படித்தும் கண்டுபிடிக்கவில்லை. போட்ட ஒரு வாரத்தில், எங்கோ ஒரு பெண்மணி, 'நாற்பத்தேழில் ஜன்னல் கோணிக்கொள்கிறதே' என்று எழுதிக் கேட்டபோதுதான் தெரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது. அன்றே திருத்திப் போட்டாள்.

ஆறு மாதம் நல்ல மாதங்கள். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. அப்பாவுக்குப் பின்னினேன், தங்கைக்குப் பின்னினேன், வார்டில் எல்லோரும் கேட்கிறார்கள். அச்சகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் அவற்றைப் படிப்பாள். ஒன்றிலும் பிழை பார்க்க மாட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். நூல் வாங்கினால் இலவசம் என்று கடையில் கொடுத்த ஒரு பளபளப்பான புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள்.

"அண்ணி, உங்க சால்வை புத்தகத்துல வந்திருக்கே, சொல்லவே இல்லையே! பெரிய கம்பெனி வேற."

அவள் வாங்கிப் பார்த்தாள். பெயர் மாறியிருந்தது: 'குணமளிக்கும் மேலாடை'. எழுதியவர் பெயர் இல்லை. கம்பெனி பெயர்தான் இருந்தது. கட்டம் போட்ட படம் அவள் வரைந்ததேதான், மேலே நிறம் மட்டும் பூசியிருந்தார்கள். பக்கத்தின் ஓரத்தில், மச்சத்தோடு, அவள் கணவரின் கை.

"என் அண்ணன் கையை எனக்குத் தெரியாதா?" என்றாள் நாத்தனார், இன்னும் சந்தோஷமாகவே.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். நாற்பத்தேழாம் வரிசை. இரண்டு கண்ணி விட்டு. அவள் திருத்துவதற்கு முன்னால், அந்த முதல் வாரத்திலேயே எடுத்திருக்கிறார்கள். தன் தப்பை வேறொருவர் அச்சில் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. அந்த வரிசையில் அவள் விரல் நின்றுவிட்டது. உள்ளறையிலிருந்து கணவர், "என்ன, யாரு என் கையைப் பத்திப் பேசறது?" என்று கேட்டார்.

அச்சகத்துக்கு வாடகைப் பத்திரப் படிவம் அச்சடிக்க வருகிற வக்கீல் ஒருவர் இருந்தார். அவருடைய படிவத்தில் வருகிற சட்டத் தமிழை ஒழுங்கு செய்து கொடுப்பவள் அவள்தான் என்பதால் அவருக்கு அவளிடம் மரியாதை உண்டு. புத்தகத்தையும் தன் ஆறு பக்கத்தையும் கவுன்ட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"படம் உங்களோடது. கட்டம் உங்களோடது. எழுத்தும் முக்காவாசி உங்களோடது. புகார் கொடுங்க, கண்டிப்பா எடுப்பாங்க."

"சால்வை, சார்?"

"அதுதாம்மா சிக்கல். நீங்க எழுதின வாக்கியம், வரைஞ்ச படம், எடுத்த போட்டோ, இதுக்கெல்லாம் காப்புரிமை இருக்கு. எழுதின நிமிஷமே வந்துடும். ஆனா பின்னுற முறைக்கு இல்லை. கையில ஜன்னல் வெக்கணும்ங்கற யோசனைக்கும் இல்லை. அவங்க அதையே வேற வார்த்தையில எழுதி, வேற கையைப் படம் எடுத்துப் போட்டா, நாம வாயைத் திறக்க முடியாது."

"மூணு தடவை பிரிச்சுப் பின்னினேனே சார், அது?"

"அது யோசனை."

"அது மூணு மாசம், சார்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசனைக்கும் வேறு வகைப் பதிவு உண்டு என்றும், ஆனால் அதை வெளியே காட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். இணையதளத்தில் போடுவதற்கு முன்னால் அவள் காட்டியது நாலு படுக்கைக்காரர்களுக்கும் ஒரு சிஸ்டருக்கும்தான் என்றாள். "அதுவே வெளியதாம்மா," என்றார்.

அவள் புகார் எழுதினாள். எழுதத் தெரிந்தவள்; ஒரு காற்புள்ளி பிசகவில்லை. கம்பெனிக்கு ஒன்று, கம்பெனியின் மாதிரிகளை விற்றுக்கொண்டிருந்த அதே இணையதளத்துக்கு ஒன்று. என் படம், என் கட்டம், என் சொற்கள் என்று வரிசை எண்ணோடு காட்டினாள். கடைசியில், யாரும் மறுக்க முடியாத சாட்சி என்று நினைத்து, நாற்பத்தேழாம் வரிசையைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தாள்: இந்தத் தப்பு என்னுடையது. நான் தவறுதலாகச் செய்தேன். தானே பின்னிப் பார்த்து எழுதிய யாரும் இதைச் செய்திருக்க முடியாது.

பதினேழு நாளில் வேலை நடந்தது. கணவரின் கை போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு வழவழப்பான இளம்பெண்ணின் கை வந்தது. கட்டங்கள் போய் வட்டக் குறிகள் வந்தன. வாக்கியங்கள் எல்லாம் வேறு சட்டை போட்டுக்கொண்டிருந்தன. நாற்பத்தேழாம் வரிசையில் மூன்று கண்ணி என்று இருந்தது. அவள் சொல்லித்தான் அவர்களுக்கே தப்பு தெரிந்திருக்கிறது. அவர்களுக்கும் புரூஃப் பார்த்துக் கொடுத்திருக்கிறாள், சம்பளம் இல்லாமல். வக்கீல் சொன்னது எதுவோ அதுவே அட்சரம் பிசகாமல் நடந்திருந்தது. புகாருக்கு 'தீர்க்கப்பட்டது' என்று ஒரு வரியில் பதில் வந்தது.

"விடேன், ஜன்னலைத் திருடினவன் வீட்டுக்கு வெளிச்சம் வரட்டும்," என்றார் கணவர். அவருக்கும் வலித்தது என்பது அன்று அவர் சோற்றைப் பாதியில் வைத்ததில் தெரிந்தது.

அங்கேயே விட்டிருந்தால் கதை வேறு. அவள் விடத்தான் நினைத்தாள். ஆனால் இரண்டு மாதம் கழித்து, இணையதளத்தில் அவளுடைய ஜன்னல் சால்வைப் பக்கம் காணாமல் போயிற்று. இன்னொருவரின் படைப்பை ஒத்திருப்பதாகப் புகார் வந்திருக்கிறதாம். புகார் கொடுத்தது கம்பெனி. அவர்களுடைய புதிய பதிப்பின் முதல் பக்கத்தை ஆதாரமாக இணைத்திருந்தார்கள். அதில் முதற்பதிப்பு என்று ஒரு வருஷம் போட்டிருந்தது. அவள் முதல் கண்ணி பின்னியதற்கு ஒரு வருஷம் முந்தியது.

அச்சில் வருஷம் போடுவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியாதா? என்ன எண் கொடுத்தாலும் மிஷின் அடிக்கும். இத்தனை வருஷத்தில் அவளே எத்தனையோ முதற்பக்கங்களில் வருஷத்தைச் சரிபார்த்திருக்கிறாள். சரி என்றால், கொடுத்த தாளில் இருப்பது மாதிரி இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

பதில் எழுதினாள். மூல நோட்டுப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். அதில் தேதி இல்லை. பின்னுகிறபோது யார் தேதி போடுகிறார்கள்? வார்டு சிஸ்டரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பினாள். தன் பழைய புகாரையே சாட்சியாக அனுப்பினாள். உதவிப் பிரிவிலிருந்து ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ பதில் எழுதினார்கள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கேட்டார்கள். யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்கும் இடத்தில் நாங்கள் இல்லை, நீதிமன்றத்தை அணுகவும் என்று கடைசியில் முடித்தார்கள். மறுவாரம், அவள் திரும்பத் திரும்ப எழுதியதையே விதிமீறலாகக் கணக்கிட்டோ என்னவோ, மற்ற பதினோரு மாதிரிகளையும் சேர்த்து, அந்தத் தளத்தில் இருந்த அவளுடைய கடையையே மூடிவிட்டார்கள்.

வக்கீல் இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை. "கேஸ் போட்டா கோர்ட்டுக்கு அலையணும். அஞ்சு வருஷம் ஆகும், பத்து வருஷமும் ஆகும். போடலாம்மா, போடக் கூடாதுன்னு சொல்ல மாட்டேன்," என்றார். சொல்ல மாட்டேன் என்பதை அவர் சொன்ன விதத்திலேயே எல்லாம் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் யார் மிஷினில் கணவரைக் கொண்டுபோய் விடுவது என்று அவர் கேட்கவில்லை.

இதற்குள் வேறு கடிதங்கள் வர ஆரம்பித்தன. மற்ற பதினோரு மாதிரிகளை வாங்கியவர்கள் எழுதியவை. பாதிப் பின்னலில் இருக்கிறேன், பக்கம் திறக்கவில்லை. குழந்தைப் போர்வையில் எழுபதாவது வரிசைக்கு வந்துவிட்டேன், அடுத்தது என்ன? ஒருத்தி, 'ஏமாற்றுக்காரி' என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள். அதில் 'ற்' என்ற எழுத்தை விட்டிருந்தாள். அவள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பக்கங்களை அனுப்பினாள். முடியவில்லை. ஐம்பது பேருக்கு அனுப்பினால் அறுபது பேர் வந்தார்கள்.

அப்போதுதான் அந்தக் காகிதம் வந்தது. கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து, மிகவும் பணிவான பாஷையில். 'குணமளிக்கும் மேலாடை' கம்பெனியின் படைப்பு என்றும், தன்னுடைய 'ஜன்னல் சால்வை' அதைப் பார்த்துச் செய்தது என்றும் அவள் கையெழுத்திட்டால், அவர்கள் புகாரைத் திரும்பப் பெறுவார்கள். மற்ற பதினோரு மாதிரிகளோடு கடை திறக்கும்.

கணவர் அதை இரண்டு தடவை படித்தார். பஸ்ஸை நடுரோட்டில் மறித்தவனைப் பார்க்கிற மாதிரி அவர் முகம் ஆகிவிட்டது.

"கையெழுத்துப் போடாதே."

"ஏங்க, மத்த பதினொண்ணும் போயிடும்."

"போகட்டும். அது என் கை. என் கையில ஊசியைக் குத்தி, குளிர்ல நடுங்கி, அதைப் பார்த்து நீ பின்னினது. அவனைப் பார்த்துச் செஞ்சேன்னு எழுதிக் கொடுப்பியா?"

"பாதியில நிக்கறவங்க எழுதறாங்க. என்னால பதில் சொல்லி முடியலை."

"அவங்க யாரு? உனக்கு மாமனா, மச்சானா?"

யாரும் இல்லைதான். அவள் களைத்துப்போயிருந்தாள், அதுதான் உண்மை. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் மிஷினில் படுத்து எழுந்துவருகிற மனுஷரிடம் நான் களைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் அச்சகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மேஜையிலிருந்த பாடநூல் புரூஃபை ஒதுக்கிவிட்டுக் காகிதத்தை விரித்தாள். இரண்டாவது பத்தியில் 'உறிமை' என்று இருந்தது. கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று. 'றி'யைச் சுழித்து ஓரத்தில் 'ரி' என்று எழுதினாள். அதற்கப்புறம் கையெழுத்துப் போட்டாள். சிவப்பு மையில் கையெழுத்து செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். நீல மையில் மறுபடியும் போட வேண்டியிருந்தது. முதல் தடவை தெரியாமல் போட்டதாகவாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவைக்கு அதுவும் இல்லை.

கடை திறந்தது. பதினோரு மாதிரிகள் திரும்பி வந்தன. உதவிப் பிரிவின் சேவை எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டு ஒரு கடிதமும் வந்தது.

கணவர் சத்தம் போடவில்லை. அடுத்த தடவை மிஷினுக்குப் போகும்போது அவள் எடுத்து வைத்த சால்வையைப் பையிலிருந்து வெளியே எடுத்து நாற்காலியில் போட்டார். "கம்பெனிச் சரக்கு எனக்கு எதுக்கு?" என்றார். வார்டில் ஆஸ்பத்திரிப் போர்வையை ஒரு பக்கமாகப் போர்த்திக்கொண்டு, கையை வெளியே நீட்டிப் படுத்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அவர் தாடை ஆடுவது தெரிந்தது. இப்படி ஐந்து தடவை. ஆறாவது தடவை மழை. கிளம்பும்போது அவரே சால்வையை எடுத்துப் பையில் திணித்தார். குளிருக்கு முன்னால் ரோஷம் எத்தனை நாளைக்கு நிற்கும்? வார்டில் அவள் பொத்தான் போட்டுவிட்டபோது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு வேடிக்கை சொல்லுவார். சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை.

புதிதாக ஒரு நோயாளி சேர்ந்தார். அவருடைய மனைவி, தான் பின்னிய 'குணமளிக்கும் மேலாடை'யை அவருக்குப் போட்டுவிட்டுக்கொண்டே இவர்கள் பக்கம் பார்த்தாள்.

"நீங்களும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பின்னினீங்களா? நல்லா வந்திருக்கே!"

"ஆமாம்மா," என்றாள் அவள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்கு மாறாக எப்படிச் சொல்வது? கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பின்னுவதை நிறுத்தவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டாள். அந்த வருஷக் கடைசியில், மிஷினிலிருந்து கழற்றிய பிறகு ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடிக்க ஒரு சின்னப் பட்டை பின்னினாள். விரல் வலிக்காமல் பத்து நிமிஷம் தானாகவே பிடித்துக்கொள்ளும், வேண்டும்போது ஒரு இழுப்பில் தளரும். சிஸ்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"அக்கா, இதை எழுதிக் கொடுங்க. எங்க சித்தி வேற ஆஸ்பத்திரியில இதே வார்டுல இருக்காங்க, அங்கயும் பின்னிக்கட்டும்."

"எழுதலை, சிஸ்டர்."

"பரவால்ல, வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். சித்திக்கு என்று சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். சிஸ்டர் பொய் சொல்கிறவர் இல்லை. கடிதம் கேட்டபோது ஒரு வார்த்தை மறுக்காமல் எழுதிக் கொடுத்தவர். அது எல்லாம் தெரிந்தும் அவளுக்கு வாய் வரவில்லை.

"கணக்கு எனக்கே சரியா ஞாபகம் இல்லை," என்றாள்.

சிஸ்டர் எடுத்த பேனாவை மறுபடி சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "சரிங்க," என்றார். அக்கா என்று சொல்லவில்லை. அதற்கப்புறம், எடை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, அடுத்த தேதி என்ன என்பதைத் தவிர அவர்களுக்குள் பேச்சு இருக்கவில்லை.